ஐப்பசிக்கு என்ன டயர்?

ஜெர்மனியில் கார் வைத்திருப்பவர்கள் ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள். ‘ஓ’விலிருந்து ‘ஓ’ வரை. முதல் ‘ஓ’ அக்டோபர் (அவர்கள் ஒக்டோபர் என்பார்கள்). இரண்டாவது ‘ஓ’ ஓஸ்டர்ன், அதாவது ஈஸ்டர். இந்த மாதங்களில் காருக்குப் பனிக்கால டயர். ஈஸ்டர் முடிந்ததும் அதைக் கழற்றிவிட்டுக் கோடை டயர். நாம் நவராத்திரிக்குப் பரணிலிருந்து கொலு பொம்மைகளை இறக்குகிற மாதிரி, அவர்கள் டயரை இறக்குகிறார்கள். அலட்சியமாக இருந்தால் அபராதம். பனி கொட்டிக் கிடக்கும்போது அதற்கான டயர் இல்லாமல் ஓட்டக்கூடாது என்று 2010லேயே கண்டிப்பான சட்டம் வந்துவிட்டது.

தாம்பரத்தில் பனி கொட்டாது. மார்கழி விடியலில் சானடோரியம் ஸ்டேஷனில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு எலெக்ட்ரிக் டிரெயினுக்கு நிற்கும் பெரியவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் தெர்மாமீட்டர் 20 டிகிரிப் பக்கத்தில்தான் நிற்கும். நம்முடைய குளிர்காலம் வேறு. ஐப்பசியில் ஆரம்பித்து மார்கழி வரைக்கும் இழுக்கும். அதற்குப் பெயர் வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பர் 1ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். முடிச்சூரில் படகு ஓடிய வருஷம் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடி அதே கதை. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை என்று ரேடியோ வாயைத் திறப்பதற்குள், வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்கள் வரிசையாக ஏறி நின்றுவிட்டன. தென்சென்னைக்காரர்களின் ‘ஓ’விலிருந்து ‘ஓ’ வரை இதுதான்!

ஆனால் பாருங்கள், காரை மேம்பாலத்தில் ஏற்றத் தெரிந்த நமக்கு, கீழே இருக்கிற நாலு டயரைக் குனிந்து பார்க்கத் தோன்றுவதில்லை.

எங்கள் ஆபீஸில் ஒரு நண்பர். சேலையூர்வாசி. போன வருஷம் செகண்ட்ஹாண்டில் ஒரு கார் வாங்கினார். அவர் அதை ஸ்போர்ட்ஸ் கார் என்பார். ஆர்.சி. புத்தகத்தில் சலூன் என்று இருக்கும். எதற்கு வம்பு, ஸ்போர்ட்ஸ் கார் என்றே வைத்துக்கொள்வோம். தீபாவளி போனஸ் கைக்கு வருவதற்கு முன்பே மனசுக்குள் செலவாகிவிட்டது: பதினெட்டு அங்குல அலாய் வீல், கறுப்புக் கலரில், அதற்கேற்ற அகல டயர்.

“வண்டி நின்னா, வீல்தான் சார் முதல்ல தெரியணும்” என்றார். கடை கடையாக ஏறி இறங்க எனக்கு ஒரு சனிக்கிழமை கிடைத்தது. ஊரையும் டயரையும் சேர்த்துப் பார்த்த மாதிரி ஆயிற்று.

குரோம்பேட்டையிலிருந்து பெருங்களத்தூர் வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டில் மெதுவாகப் போனால் ஒன்று கவனிக்கலாம். டிபன் கடைக்கு அடுத்தபடி அதிகமாகக் கண்ணில் படுவது டயர் கடையும் பஞ்சர் கடையும்தான். அதில் ஆச்சரியம் இல்லை. மெட்ராஸே டயர் ஊர். திருவொற்றியூரில் 1946ல் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்த மாமன் மாப்பிள்ளைதான் பிறகு எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனிக்காரர் ஆனார். கார்களுக்கும் நம் பக்கம் குறைவில்லை. இதே ஜி.எஸ்.டி. ரோட்டில் இன்னும் தெற்கே போனால் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007லிருந்து பி.எம்.டபிள்யூ. கார்கள் பூட்டுகிறார்கள். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை 4.4 விநாடியில் எட்டும் எம்340ஐ என்ற கார்கூட 2021லிருந்து அங்கேதான் உருவாகிறது. பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வர ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆகும் ஒரு மழை நாளில் இந்த 4.4 விநாடியை நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு பழைய டயர் கடை. முதலாளி பெரியவர், பேச்சு கறார். நண்பர் போனில் போட்டோவைக் காட்டி, “அண்ணே, இந்த மாதிரி பதினெட்டு இன்ச் வேணும்” என்றார்.

பெரியவர் போட்டோவைப் பார்க்கவில்லை. வெளியே வந்து காரைப் பார்த்தார். டயரில் கை வைத்துத் தடவினார்.

“தம்பி, வண்டி ஷோரூம்ல நிக்கப் போவுதா, முடிச்சூர் ரோட்டுல ஓடப் போவுதா?”

டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் இந்தக் கேள்வியின் அர்த்தம் புரியும். நண்பருடைய காரில் இருப்பது 225/45 ஆர் 17. அகலம் 225 மில்லிமீட்டர். ரிம் விளிம்பிலிருந்து தரை வரை இருக்கும் ரப்பரின் உயரம், அந்த அகலத்தில் 45 சதவிகிதம். அதாவது 101 மில்லிமீட்டர். ‘ஆர்’ என்றால் ரேடியல், 17 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். பதினெட்டுக்குப் போனால் 225/40 ஆர் 18 போட வேண்டும். மொத்த உயரம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் நடுவில் ரப்பர் 90 மில்லிமீட்டராகக் குறையும். பதினாறுக்கு இறங்கினால்? 205/55 ஆர் 16. ரப்பர் 113 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஸ்பீடோமீட்டர் ஏமாறாது, ஏனென்றால் சக்கரத்தின் மொத்த உயரத்தில் இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

இந்த 90க்கும் 113க்கும் நடுவே இருக்கிறது நம் ஊர் ரோடு! மழைத்தண்ணீர் மூடியிருக்கும் குழிக்கு ஆழம் தெரியாது. அதில் சக்கரம் இறங்கும்போது அடியை வாங்கிக்கொள்வது அந்த ரப்பர் மதில்தான். அது குட்டையாக இருந்தால் அடி ரிம்முக்குப் போகும். ரிம் வளையும், அல்லது டயரின் பக்கவாட்டில் உள்ளே இருக்கும் நூல் அறுந்து கொப்புளம் கிளம்பும். கொப்புளம் வந்த டயரை ஒட்டுப் போட முடியாது. தூக்கித்தான் போட வேண்டும்.

தமாஷ் என்னவென்றால், ஐரோப்பாவில் ஸ்போர்ட்ஸ் கார்காரர்கள் பனிக்காலத்துக்கு இதைத்தான் செய்கிறார்கள். கோடையில் பதினெட்டு, பத்தொன்பது என்று அகலமாக அலட்டிக்கொள்கிற அதே ஆசாமி, அக்டோபர் பிறந்ததும் ஓர் அங்குலம் இறங்கி, குறுகலான டயர், உயரமான ரப்பர் என்று மாறிவிடுவார். குறுகலான டயர் பனிச்சேற்றைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொடும். அகலமான டயர் மேலே மிதக்கும். தண்ணீரிலும் ஏறக்குறைய அதே நியாயம்தான். 225 மில்லிமீட்டர் அகலத்துக்கு முன்னால் சேரும் தண்ணீர், 205க்கு முன்னால் சேர்வதைவிட அதிகம். அதை விரட்ட வேலையும் அதிகம்.

அதற்காகப் பனிக்கால டயரையே வாங்கிப் போட்டுவிடலாமா என்று நண்பர் கேட்டார். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. அதன் ரப்பர் ஏழு டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கினாலும் விறைக்காமல் இருப்பதற்காகவே இளக்கமாகச் செய்தது. பிளேடால் கீறினாற்போல மேலெல்லாம் மெல்லிய கோடுகள் இருக்கும். சித்திரை மாசம் மேடவாக்கம் ரோட்டில் அதை ஓட்டினால், வெயிலில் வைத்த அல்வா மாதிரி இழுபடும். பிரேக் பிடித்தால் நிற்பதற்கு யோசிக்கும். மலை உச்சியும் நடுவில் பனிப்பூவும் வரைந்த முத்திரை டயரில் இருந்தால், அது நமக்கு இல்லை.

அப்படியானால் நமக்கு எது? அதைத் தெரிந்துகொள்ள மேற்கே கொஞ்ச தூரம் போனோம்.

தாம்பரத்திலிருந்து முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை வழியாக ஓரகடம். இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். மழை நின்ற மறுநாள் அந்த ரோடு அழகு. இரண்டு பக்கமும் ஏரி தளும்பும். வயல் இருந்த இடங்களில் பிளாட் கற்கள், பிளாட் கற்களுக்கு நடுவில் கொக்கு. அடையாறு அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய வாய்க்கால் மாதிரி அப்பாவியாகக் கிடக்கும். 2015ல் அது செய்த அட்டகாசத்தை நேரில் பார்த்தவர்கள் மட்டும் பாலத்தைக் கடக்கும்போது பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார்கள்.

ஓரகடத்தில் அப்போலோ டயர் தொழிற்சாலை 2010ல் வந்தது. அதே கம்பெனி அதற்கு முந்தைய வருஷம் நெதர்லாந்தில் ஒரு டயர் கம்பெனியை விலைக்கு வாங்கியது. பெயர் வ்ரெடஸ்டைன். பனிக்கால டயருக்குப் பேர் போனது. வேகமான கார்களுக்கென்றே தனிப் பனிக்கால டயர் போடுகிறார்கள். டயரின் வடிவத்தை வரைந்து கொடுத்தது இத்தாலிக்காரர் ஜியுஜாரோவின் ஸ்டூடியோ. அவரை நமக்குத் தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில் நம் தெருக்களில் உருண்டையான கண்களோடு ஓடிய டேவூ மேட்டிஸ் கார் அவர் வரைந்ததுதான்.

இன்னொரு உறவும் உண்டு. ஓரகடத்துக்குப் பக்கத்து ஊர் ஸ்ரீபெரும்புதூர். அங்கே 2006லிருந்து 2014 வரை செல்போன் செய்த நோக்கியாவை மறந்திருக்க மாட்டீர்கள். எத்தனை தாம்பரத்து வீடுகளில் அந்தக் கம்பெனி பஸ்ஸுக்காக அலாரம் அடித்தது! பின்லாந்தில் அந்தப் பெயருள்ள ஊரில்தான் 1934ல் உலகத்தின் முதல் பனிக்கால டயரைச் செய்தார்கள், லாரிக்காக. செய்தது ஒரு ரப்பர் கம்பெனி. அது 1967ல் நோக்கியாவோடு சேர்ந்தது. 1988ல் டயர்க்காரர்கள் நோக்கியன் என்ற பெயரில் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். செல்போன் வந்த வீட்டின் மூத்த தாரத்துப் பிள்ளை டயர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டை. 1990லிருந்து அங்கே ரேஸ் டிராக் இருக்கிறது. ரேஸ்காரர்களிடம் மழை டயர் பற்றிக் கேட்கக் கூடாது, விட மாட்டார்கள். காய்ந்த தரைக்கு அவர்கள் போடுவது பள்ளமே இல்லாத வழுவழு டயர். முழு ரப்பரும் தரையைப் பிடிக்கும் என்பதால் அதுதான் வேகம். நாலு சொட்டு விழுந்தால் கதை மாறிவிடும். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பலத்த மழைக்கான டயர், 300 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வெளியேற்றுகிறது என்று அதைச் செய்யும் பிரெல்லி கணக்குச் சொல்கிறது. ஒரு டயர், ஒரு விநாடி, ஏழெட்டுக் குடம்! டயரில் பள்ளம் வெட்டுவது அழகுக்காக இல்லை, வடிகாலுக்காக. சென்னைக்கும் இதில் அனுபவம் உண்டு. தீவுத்திடலைச் சுற்றி நடக்க வேண்டிய இரவு கார் ரேஸ் 2023 டிசம்பரில் புயலால் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் கடைசியில் நடந்தது. அப்போதும் மழை வந்து டிராக்குக்கு அனுமதி கிடைப்பது தாமதமானது.

நம் டயர் புதிதாக இருக்கும்போது பள்ளத்தின் ஆழம் எட்டு மில்லிமீட்டர் சுமார். கார் டயர் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் ஓட்டக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். பள்ளத்துக்குள் குட்டி மேடு ஒன்று வைத்திருப்பார்கள். அது மேல்மட்டத்துக்குச் சமமாகிவிட்டால் 1.6 வந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் சட்டம் சொல்வது சாவதற்கு முந்தின கோடு. ஆஸ்திரியாவில் பனிக்கால டயருக்கு நாலு மில்லிமீட்டர் வேண்டும் என்கிறார்கள். வேளச்சேரி ரோட்டில் ஐப்பசி மாசம் ஓட்டுகிறவருக்கும் மூன்றுக்குக் கீழே போனாலே கவலை வர வேண்டும் என்பது என் கட்சி. ‘இன்னும் பட்டன் இருக்கு சார், பொங்கல் வரைக்கும் ஓடும்’ என்பவர் கோடையைப் பற்றித்தான் பேசுகிறார். மழைக்கு முன்னால் மாற்றினால் செலவு அதேதான். மூன்று மாசம் முந்துகிறது, அவ்வளவே. சில இடங்களில் மொட்டை டயரில் சூடான கத்தியால் புதுப்பள்ளம் கீறி, கறுப்பு பாலிஷ் போட்டு, பாதி விலைக்குத் தருவார்கள். அந்தக் கத்தி போய் நிற்பது உள்ளே இருக்கும் நூலில். காசு மிச்சம் பிடிக்க ஆயிரம் வழி இருக்கிறது. இது வேண்டாம்.

அடுத்தது காற்று. இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பக்கம் ஊரே நம்புகிற ஒரு விஷயம் தப்பு. மழை பிடித்தால் பஞ்சர் கடைப் பையன் அன்பாகக் கேட்பான்: “அஞ்சு பவுண்டு கொறைச்சிடட்டுமா சார்? கிரிப்பு சும்மா அள்ளும்!” நாமும் தலையாட்டுவோம்.

சேலையூர் தாண்டி விமானப்படைத் தளத்தில் சின்ன விமானங்கள் ஈர ஓடுபாதையில் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். விமானம் ஈரத்தில் வழுக்குவது ஏன் என்று அமெரிக்காவில் நாஸாவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் ஹார்ன், ட்ரெஹர் என்ற இருவர் ஆராய்ந்து 1963ல் ஒரு கணக்கைச் சொன்னார்கள். ஒரு வேகத்துக்கு மேல் போனால் டயர் தண்ணீரைத் தள்ள முடியாமல் அதன் மேலேயே ஏறிவிடும். அப்புறம் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் வெறும் அலங்காரம். அந்த வேகத்தைத் தீர்மானிப்பது முக்கியமாக டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம். முப்பது பவுண்டு இருந்தால் சுமார் 91 கிலோமீட்டர். இருபதுக்கு இறங்கினால் சுமார் 75. தேய்ந்த டயருக்கும், பள்ளத்தின் ஆழத்தை மீறித் தண்ணீர் நிற்கும் ரோட்டுக்கும் பொருந்துகிற கணக்கு இது. நல்ல பள்ளம் உள்ள டயர் இதைவிடத் தாங்கும். ஆக, காற்றைக் குறைத்தால் சீக்கிரமே மிதப்பீர்கள். தாம்பரம் - மதுரவாயல் பைபாஸில் ராத்திரி மழையில் 90ல் போகிறவர்கள் இந்த எண்களை டாஷ்போர்டில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம். சரியான காற்று எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் நிலையில் ஒட்டியிருக்கும். கம்பெனிக்காரன் நம் மாமன் மச்சான் இல்லை, ஆனால் இந்த விஷயத்தில் அவனை நம்பலாம்.

பிராண்ட் எது என்று கேட்பீர்கள். ஊர் பெயரை வைத்துச் சண்டை போடுவது மாதிரிதான் அது, முடிவுக்கு வராது. ஈரத்தில் பிடிப்பு இவ்வளவாவது இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2022ல் ஏ.ஐ.எஸ். 142 என்ற அளவுகோலைக் கட்டாயமாக்க அறிவித்தது. ஐரோப்பாவில் ஒவ்வொரு டயருக்கும் ‘ஏ’யிலிருந்து ‘ஈ’ வரை ஈரப் பிடிப்புக்கு மார்க் போட்டு லேபிள் ஒட்டுகிறார்கள். விலையும் மைலேஜும் கேட்ட பிறகு, மூன்றாவதாக ஈரத்தில் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை வேறு மாதிரி பார்ப்பார்.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். திரும்பி வந்து பெரியவர் கடையிலேயே கணக்குப் பார்த்தார். பதினாறு அங்குல வீல் அவருடைய காரின் பிரேக்கில் இடிக்கிறதா என்று முதலில் மாட்டிப் பார்த்தார்கள். ஸ்போர்ட்ஸ் கார்களில் பிரேக் பெரிசு. எல்லாவற்றுக்கும் பதினாறு நுழையாது. போல்ட் துளை ஐந்து என்றால் மட்டும் போதாது, அந்தத் துளைகளின் வட்டம் 112 மில்லிமீட்டரா, வேறா என்று பார்க்க வேண்டும். ரிம் உள்ளே வெளியே எவ்வளவு தள்ளி உட்கார்கிறது என்பதும் முக்கியம். இடிக்கவில்லை. நுழைந்தது.

“பாக்கறதுக்குக் கொஞ்சம் சாதுவா இருக்கே அண்ணே...” என்று இழுத்தார் நண்பர்.

“சாதுவா வீட்டுக்குப் போய்ச் சேரு தம்பி. பொங்கலுக்கு அப்புறம் பழசை மாட்டிக்கோ. ரெண்டு செட்டும் தேயாம ரெண்டு மடங்கு வருஷம் வரும்.”

ஜெர்மன்காரனின் ‘ஓ’விலிருந்து ‘ஓ’ கணக்கு மேற்குத் தாம்பரத்தில்! நண்பரின் வீட்டில் பழைய பதினேழு அங்குலச் சக்கரங்கள் இப்போது பால்கனியில் இருக்கின்றன. அதன் மேல் அவர் மனைவி துளசித்தொட்டி வைத்துவிட்டார். தை பிறந்ததும் எப்படிக் கேட்டு வாங்குவார் என்று தெரியவில்லை.

ஸ்டெப்னியை மறந்துவிட்டேனே. வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904ல் உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். இங்கிலாந்திலேயே அந்தச் சொல் வழக்கொழிந்துவிட்டது, நம் பஞ்சர் கடைகள் காப்பாற்றி வருகின்றன. அதற்கும் காற்று அடிக்க வேண்டும். மழை ராத்திரி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரமாக நின்றுகொண்டு ஸ்டெப்னியை எடுத்தால் அதுவும் தட்டையாக இருக்கும். பறவைகள் பார்க்க அருமையான இடம்தான், ஆனால் அந்த நேரத்தில் அல்ல.

இதெல்லாம் கார்காரர்கள் பாடு, நமக்கென்ன என்று பைக்கை உதைக்கப் போகிறீர்களா? கேம்ப் ரோடு சிக்னலில் பச்சை விழும்போது எண்ணிப் பாருங்கள், முக்கால்வாசி இரண்டு சக்கரம்தான். கார் வழுக்கினால் பம்பர் போகும். பைக் வழுக்கினால் என்ன போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாலு உள்ளங்கை அளவு ரப்பரில் கார் நிற்கிறது. உங்களுக்கு இரண்டுதான், அதுவும் சின்ன உள்ளங்கை. பைக் டயர் வளைவாக, குறுகலாக இருப்பதால் தண்ணீரில் காரைப் போல மிதக்காது. அதன் எதிரிகள் வேறு: வெள்ளை பெயிண்ட் அடித்த ஜீப்ரா கோடு, சாக்கடை மூடியின் இரும்பு, மேம்பால இணைப்பில் இருக்கும் இரும்புப் பட்டை, டிப்பர் லாரி சிந்திய மண். முதல் மழையின் முதல் அரைமணி நேரம் எல்லாவற்றையும்விட மோசம். நாலு மாசமாக ரோட்டில் ஊறிய ஆயிலும் புழுதியும் சேர்ந்து சோப்புத்தண்ணீர் போட்ட மாதிரி இருக்கும். ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்புவது கோழைத்தனம் இல்லை.

பைக்கிலும் அந்த அகல டயர் மோகம் இருக்கிறது. அதே ரிம்மில் இரண்டு சைஸ் பெரிய பின்டயரைத் திணிப்பார்கள். குறுகலான ரிம் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்க, டயர் கூம்பாகிவிடும். பார்க்க பயில்வான், ஆனால் தரையில் படுவது முன்னைவிடக் குறைவு.

வாங்கும்போது கடைசியாக ஒன்று செய்யுங்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 3524 என்றால் 2024ஆம் வருஷம் முப்பத்தைந்தாவது வாரத்தில் செய்தது. ரப்பரும் நம்மைப் போலத்தான், சும்மா இருந்தாலும் வயசாகும், விறைக்கும். நாலு வருஷம் கோடவுனில் தூங்கிய டயரைக் கடைக்காரர் “புத்தம் புதுசு சார், இன்னும் முடி உதிரல” என்று நீட்டுவார். டயர் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடியைச் சொல்கிறார். நீங்கள் முடியைப் பார்க்காமல், குனிந்து அந்த நாலு இலக்கத்தை மட்டும் படியுங்கள். மழை நாளில் கடையில் வெளிச்சம் போதாது. போனில் டார்ச் இருக்கிறதல்லவா?